கணக்குக் கேட்பது அவிசுவாசமா?

காணிக்கைக்குக் கணக்குக் கேட்பது அவிசுவாசம் என்று சிலர் சொல்கிறார்கள். அது வேதத்துக்கு விரோதமான பேச்சு.

எருசலேமின் ஏழைப் பரிசுத்தவான்களுக்காகச் சேர்த்த தர்மப்பணத்தைப் பவுல் தனியே கையாளவில்லை. ஒருவரும் குற்றஞ்சாட்டாதபடி, சபைகள் தெரிந்தெடுத்த சகோதரனையும் உடன் வைத்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:19-21). அப்போஸ்தலனுக்கு இல்லாத விலக்கு நமக்கு ஏது?

நம் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். பராந்தக சோழன் காலத்தில், 921ஆம் ஆண்டளவில், அவ்வூர்ச் சபையார் விதித்தது இது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர். நாமோ கணக்கு ஒப்புவிக்காதவரையே மறுபடியும் கமிட்டிக்குத் தெரிந்தெடுக்கிறோம்!

காணிக்கைப் பெட்டியில் இருப்பது ஓரிக்கை நெசவாளி தன் கூலியிலிருந்து பிரித்து வைத்த பணம். ஆகவே வரவுசெலவைக் கேளுங்கள். முதலில் போதகராகிய என்னிடமே கேளுங்கள்.