இழைப்புளியைப் பதிப்பித்தல்

பழைய வீடு ஒன்று இடிபடுகிறதென்றால் அதன் தேக்குத் தூண்களுக்கும் நிலைக்கதவுகளுக்கும் போட்டி போட்டுக்கொண்டு விலை பேசுகிறார்கள். 1996ஆம் ஆண்டு முட்டுக்காட்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், தென்னகத்தின் பல ஊர்களிலிருந்து பிரித்தெடுத்து வந்த வீடுகளை மீண்டும் எழுப்பி நிறுத்தியிருக்கிறார்கள். பாராட்டத்தக்க பணி. ஆனால் அத்தகைய தூண்களை இழைத்த இழைப்புளி எங்கே போயிற்று என்று நாம் கேட்பதில்லை. தச்சரின் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போனதும் அவருடைய கருவிப்பெட்டி பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போய்விடுகிறது. தப்பியவற்றுள் சில பளபளவென்று மெருகேறி வரவேற்பறை அலமாரியில் அமர்கின்றன. இவ்விரண்டுமே அக்கருவிக்கு நேரும் சாவுதான் என்பது என் எண்ணம்.

இழைப்பு, உளி என்னும் இரு சொற்கள் புணர்ந்து இழைப்புளி ஆயிற்று. கருவியின் இலக்கணமும் அப்பெயரிலேயே இருக்கிறது. உளியை ஒரு கட்டைக்குள் சாய்த்துப் பொருத்தி, மரத்தை எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று அதற்கு வரம்பு கட்டியிருக்கிறார்கள். நாட்டு இழைப்புளியில் கட்டை, அலகு, அதை இறுக்கும் ஆப்பு ஆகியவையே முதன்மை. அமெரிக்கரான லெனார்டு பெய்லி, ஆப்பின் வேலையை நெம்புமூடிக்கும் திருகுக்கும் மாற்றிக் கொடுத்தார். அவருடைய காப்புரிமைகளை 1869இல் ஸ்டான்லி நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஷெஃபீல்டு நகரின் ரெக்கார்டு இழைப்புளிகள் 1931 முதல் அதே அமைப்பில் வந்தன. நம் பட்டறைகளில் ‘ஜாக் பிளேன்’ என்று வழங்கும் 14 அங்குல இரும்பு இழைப்புளி இந்த மரபைச் சேர்ந்தது.

மதுராந்தகத்தில் பழைய இரும்போடு இரும்பாகக் கிடந்த அப்படியொன்றை எடைபோட்டு வாங்கினேன். வாங்க நினைப்பவர்கள் துருவுக்கு அஞ்ச வேண்டியதில்லை, விரிசலுக்குத்தான் அஞ்ச வேண்டும். உடல் வார்ப்பிரும்பு; கீழே விழுந்தால் அலகு வெளிவரும் வாயோரத்தில் வெடித்துவிடும். அடுத்து, அலகில் தீட்டுவதற்கு இன்னும் எஃகு மிச்சமிருக்கிறதா, திருகுகள் சுழல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இவை சரியாக இருந்தால் மற்றவை மீட்கக்கூடியவையே.

மீட்பது என்றால் எதுவரை? இந்த இடத்தில் இலக்கியம் படித்தவனுக்கு உ.வே.சா. நினைவுக்கு வருகிறார். 1887இல் அவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, ஏடுகளை ஒப்புநோக்கிப் பிழை களைந்தார். பதிப்பாசிரியனுடைய வேலை பாடத்தை மீட்பது. தன் கவிதையைப் புகுத்துவதன்று. துரு என்பது ஏடெழுதியவரின் பிழை போன்றது, களைய வேண்டும். புளிக்கரைசலிலோ வினிகரிலோ ஊறவைத்தால் அது இளகும். பிறகு தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, உடனே எண்ணெய் பூசிவிட வேண்டும். ஆனால் ஒரு தச்சரின் உள்ளங்கை பல்லாண்டு பற்றிப் பற்றிக் கைப்பிடியில் உண்டான தேய்வு பிழையன்று, அது பாடம். அதை உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் பூசுவது இடைச்செருகல்.

அடிப்பரப்பைத் தட்டையான கண்ணாடிமேல் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்துச் சமன்செய்யலாம். அலகை ஏறத்தாழ 25 பாகைச் சாய்வில் தீட்ட வேண்டும். அவசரப்பட்டு மின்சாணையில் அழுத்தினால் எஃகு நீலம் பூத்துப் பதம் இறங்கிவிடும். கையால் கல்லில் தீட்டுவதே பாதுகாப்பு. அலகின்மேல் அமரும் மேல்தகடு இடைவெளியின்றிப் படிந்திருக்க வேண்டும். இல்லையேல் அவ்விடைவெளியில் சீவல் புகுந்து வாய் அடைத்துக்கொள்ளும். பார்வைக்கு அழகுபடுத்துபவர்கள் பெரும்பாலும் தொடாத இடங்கள் இவை. உடல் மின்ன, அலகு மழுங்கிக் கிடக்கும்.

மின் இழைப்பான் வந்துவிட்ட காலத்தில் இது வீண் ஏக்கம் என்று நண்பர்கள் சொல்வதுண்டு. இயந்திரத்தை நான் குறை சொல்லவில்லை. நாளெல்லாம் பலகை இழைத்துத் தோள்பட்டை போன மனிதர்களுக்கு அது விடுதலை. தந்தையின் தொழிலை விட்டுச் சென்ற மகனைக் கேள்வி கேட்கவும் நமக்கு உரிமையில்லை. எனினும் ஐப்பசி மழையில் உப்பிப்போன கதவின் விளிம்பில் மயிரிழை அளவு சீவ வேண்டுமானால், அந்த நிதானம் கை இழைப்புளியில் இன்றும் கிடைக்கிறது. அந்த வேலை நடக்கும்வரைதான் இழைப்புளி, கொட்டாப்புளி, வாய்ச்சி போன்ற சொற்களும் வாயில் இருக்கும். வேலை நின்றால் அவை அகராதிக்குள் போய் அடங்கிவிடும்.

மதுராந்தகத்திலிருந்து மாமல்லபுரம் வெகுதூரமில்லை. 1957இல் தொடங்கிய அங்குள்ள அரசு சிற்பக் கல்லூரியில் மரச்சிற்பமும் ஒரு பாடம். ஐ.டி.ஐ.களில் தச்சுப் பிரிவுகள் உண்டு. உங்கள் ஊர்ப் பழைய இரும்புக் கடையில் இழைப்புளி கண்ணில் பட்டால் வாங்குங்கள், துரு நீக்கித் தீட்டுங்கள். நீங்கள் இழைக்கப் போவதில்லையென்றால் இழைக்கக் கற்கும் ஒரு மாணவர் கையில் கொடுத்துவிடுங்கள். ஏட்டிலிருந்து நூலை அச்சேற்றியது யாரேனும் எடுத்துப் படிப்பதற்காகத்தானே?