அம்மம்மாவின் கடலும் பேத்தியின் கடலும்



கரையோரத்தில் பிறந்து, கடலின் இரைச்சல் கேட்காத ஊர்களில் இன்று வாழ்கின்ற பெண்கள் எம்மிடையே பலர் இருக்கிறார்கள். வலிகாமம் வடக்கில் பிறந்தவர்கள் வவுனியாவில் குடியிருக்கிறார்கள். முல்லைத்தீவுக் கரையில் வளர்ந்தவர்கள் காட்டோரக் கிராமங்களில் தோட்டம் செய்கிறார்கள். களப்பணிக்காக வீடுகளுக்குச் செல்லும்போது இவர்களிடம் ஒரே மாதிரியான ஆசையையும் ஒரே மாதிரியான தயக்கத்தையும் காண்கிறேன். “பிள்ளையை ஒருக்கா எங்கட கரைக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும்” என்பார்கள். அடுத்த மூச்சிலேயே, “ஆனால் அங்க போய் நான் அழுதால் பிள்ளை பயந்து போயிடும்” என்பார்கள்.

இம்மாதம் அந்த ஆசையையும் தயக்கத்தையும் பற்றியே எழுத விரும்புகிறேன். எங்கள் குடும்பமும் அதே தயக்கத்துடன் பல வருடங்கள் இருந்தது.

எங்கள் ஊர் மயிலிட்டி. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டபோது ஊர் முழுவதும் வெளியேறியது. அப்போது நான் அம்மாவின் இடுப்பில் இருந்த கைக்குழந்தை. ஆகவே மயிலிட்டி பற்றி எனக்குச் சொந்தமாக ஒரு ஞாபகமும் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா சொல்லித் தெரிந்தவையே. மூன்றரைத் தொன் யந்திரப் படகுகள் வரிசையாக நிற்கும் துறை, விடியற்காலையில் மீன் ஏலம் கூறும் சத்தம், ஐஸ் பெட்டிகள் ஏற்றிய லொறிகள், எங்கள் சீதன வீட்டு முற்றத்துப் பூவரசு, கிணற்றடி. நலன்புரி நிலையத்துக் கொட்டிலில் இருந்து இவற்றைக் கேட்டே நான் வளர்ந்தேன்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இடப்பெயர்வுடன் வன்னிக்குப் போனோம். அப்பா கடலை விடவில்லை. முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்தார். 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமியில் படகை இழந்தார். கடன்பட்டு இன்னொன்று வாங்கினார். 2009இல் முள்ளிவாய்க்கால் கரையில் எறிகணை வீச்சில் அப்பாவையே இழந்தோம். அந்தக் கரையைவிட்டு வந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்த நாட்களில் அம்மா ஒரு வார்த்தை சொன்னார்: “இனி என்ர கண்ணில கடல் படக்கூடாது.”

2017ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் திகதி மயிலிட்டித் துறைமுகமும் அதனை அண்டிய 54 ஏக்கர் நிலமும் விடுவிக்கப்பட்டன. இருபத்தேழு வருடங்களின் பின் சனங்கள் துறையில் இறங்கி அழுததையும் மண்ணைத் தொட்டு வணங்கியதையும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். ஊர் திறந்தும் அவர் போகவில்லை. அவரை விட்டுவிட்டு நாங்களும் போகவில்லை.

இந்த நிலையை மாற்றியது என் மகள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. முன்பள்ளியில் கடல் படம் கொடுத்து நிறம் தீட்டச் சொல்லியிருக்கிறார்கள். படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, “அம்மம்மா, உண்மையான கடல் என்ன நிறம்?” என்று கேட்டாள். அம்மா நீண்ட நேரம் யோசித்துவிட்டு, “காலையில ஒரு நிறம், பின்னேரம் ஒரு நிறம்” என்றார். அன்றிரவு என்னைக் கூப்பிட்டு, “பிள்ளை, இவளுக்குக் கடலைக் காட்டத்தான் வேணும். வேற ஆரும் காட்டக்கூடாது, நான்தான் காட்டவேணும்” என்றார்.

போவதற்கு முன்பு அவரிடம் நான் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். “அங்க எதைப் பார்க்க விருப்பம், எதைப் பார்க்க விருப்பமில்லை?” தெளிவாகப் பதில் சொன்னார். எங்கள் கிணறு, துறை, கீரிமலைத் தண்ணீர் இந்த மூன்றையும் பார்க்கவேண்டும். முள்ளிவாய்க்கால் பக்கம் போகக்கூடாது, அதைப் பற்றிக் கதைக்கவும் கூடாது. இந்தப் பட்டியல்தான் எங்கள் பயணத்தின் திட்டமானது.

2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், அம்மா, கணவர், மகள், நான் என நால்வரும் வவுனியாவில் இருந்து விடியற்காலை பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனோம். அங்கிருந்து ஓட்டோ பிடித்துத் தெல்லிப்பழை வழியாகக் கரைக்குச் சென்றோம். புட்டும் சம்பலும் கட்டி எடுத்திருந்தோம்.

ஊருக்குள் அம்மாவுக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. ஒழுங்கைகள் தெரியவில்லை, வேலிகள் இல்லை. வீடுகள் நின்ற இடங்களில் பற்றை. அயலில் மீளக் குடியேறியிருந்த ஒரு வயதான ஐயாதான் வழிகாட்டினார். எங்கள் காணியில் சுவர் ஒன்றும் மிஞ்சவில்லை. அத்திவாரக் கல் சிலதும், பாதி தூர்ந்த கிணறும், அதன் பக்கத்தில் உடுப்புத் தோய்க்கிற கல்லும் இருந்தன. அந்தக் கல்லைக் கண்டதும் அம்மா அதில் உட்கார்ந்துவிட்டார். “இதில வைச்சுத்தான் உன்ர துணியெல்லாம் தோய்ச்சனான்” என்று என்னிடம் சொன்னார். மகளுக்கு ஒரே சிரிப்பு. அம்மாவும் ஒருநாள் குழந்தையாக இருந்தாள் என்பது அவளுக்குப் பெரிய வேடிக்கை. வீடு இல்லாதது அவளுக்குத் துக்கமாகவே தெரியவில்லை. அவள் கல்லைப் பார்த்தாள், அது கல்லாக இருந்தது, அதுவே போதுமாக இருந்தது.

பிறகு துறைக்கு நடந்தோம். அம்மாவின் நடை மெதுவாகிக்கொண்டே வந்தது. கடல் தெரிந்த இடத்தில் நின்றுவிட்டார். கண்ணீர் ஓடியது. நான் பயந்திருந்த கணம் அதுதான். மகள் என் கையை விட்டுவிட்டு அவரிடம் போய், “அம்மம்மா ஏன் அழுறீங்கள்?” என்று கேட்டாள்.

“அம்மப்பாவை நினைச்சு அழுறன்.”

“அவர் இந்தக் கடலிலயோ செத்தவர்?”

எங்கள் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படத்தைத் தினமும் பார்க்கிற பிள்ளை. கேட்காமல் இருப்பாளா? என் கணவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக முன்னே வந்தார். அம்மா கையைக் காட்டி அவரைத் தடுத்தார். “பொறுங்கோ தம்பி” என்றுவிட்டுப் பேத்தியிடம் சொன்னார்: “இல்லையம்மா. அவர் செத்தது வேற கரையில. இது அவர் வாழ்ந்த கடல்.”

மகளுக்கு அது போதுமாக இருந்தது. “அப்ப நான் இறங்கட்டோ?” என்று கேட்டாள். முழங்கால் அளவுத் தண்ணீரில் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு துள்ளினாள். உப்புத் தண்ணீர் வாயில் பட்டதும் துப்பினாள், மறுபடியும் நக்கிப் பார்த்தாள். சிறிது நேரத்தில் அம்மாவும் சேலையைச் சற்று உயர்த்திக்கொண்டு இறங்கினார். பதினைந்து வருடங்களின் பின் அவர் கால் கடலில் பட்டது அன்றுதான்.

அதன்பின் அம்மா பேசத் தொடங்கினார். அது ஒப்பாரி அல்ல, பாடம். “கடலைப் பார்த்துக்கொண்டு நில். காத்து முதுகில அடிக்குதோ, முகத்தில அடிக்குதோ?” என்று பேத்தியிடம் கேட்டார். முதுகில் என்றாள். “அப்ப அது சோழகம். இந்தக் கரையில முகத்தில அடிச்சால் வாடை. வாடைக்குக் கடல் கொந்தளிக்கும்.” வடக்கு நோக்கிய கரை அது. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு. துறையில் மீன் கொட்டியிருந்த இடத்தில் அறக்குளா, பாரை, விளை, சூடை என்று ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் சொன்னார். சமூகவியல் படித்த எனக்கு அவற்றில் பாதி தெரியாது.

கடைசியாகக் கீரிமலைக்குப் போனோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியில் சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. மழைநீர் அதன் வெடிப்புகளுக்குள் இறங்கி, கரையோரத்தில் ஊற்றாக வெளிவருகிறது. கடலுக்குப் பக்கத்திலேயே உப்பில்லாத தண்ணீர்! பெண்களுக்கென்று மறைப்புள்ள தனிக் கேணியும் உண்டு. குதிரைமுகம் கொண்ட இளவரசி மாருதப்புரவீகவல்லி இங்கே நீராடி முகம் திருந்திய கதையை அம்மா சொல்ல, மகள் தன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். நாங்கள் மூன்று தலைமுறைப் பெண்களும் ஒன்றாகக் குளித்தோம். அம்மா வாய்விட்டுச் சிரித்ததை அன்று கேட்டேன்.

சகோதரிகளே, இதில் நான் விளங்கிக்கொண்டது ஒன்று. மொறிஸ் ஹால்ப்வாக்ஸ் என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர், மனிதர் தனித்தனியாக நினைவு கொள்வதில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்தே நினைவைத் தாங்குகின்றன, அந்த நினைவு இடங்களைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்று எழுதினார். எங்களுடைய இடங்கள் பறிபோனபோது நினைவுகளும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. வாழ்ந்த கடலும் இழந்த கடலும் ஒரே கடலாகிவிட்டன. அதனால் இழப்புக்குப் பயந்து, வாழ்ந்ததையும் பிள்ளைகளிடம் சொல்லாமல் விடுகிறோம். அந்த இரண்டு கரைகளையும் மீண்டும் பிரித்து வைக்க அம்மாவுக்கு அந்த இடத்தில் போய் நிற்கவேண்டியிருந்தது, கேட்பதற்கு ஒரு குழந்தையும் வேண்டியிருந்தது.

நீங்களும் போக நினைத்தால், என் அனுபவத்தில் இருந்தும் களப்பணியில் இருந்தும் சில விடயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, குடும்பத்துப் பெரியவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். எதைப் பார்க்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்பதை அவர் தீர்மானிக்கட்டும். இரண்டு மூன்று இடங்களுக்கு மேல் வேண்டாம். காலையில் போய், இருட்டுவதற்கு முன் திரும்புங்கள்.

இரண்டாவது, பிள்ளைக்கும் முன்பே சொல்லுங்கள். “இது அம்மம்மா இருந்த ஊர். சண்டை வந்ததால விட்டிட்டு வந்தவை. அங்க அம்மம்மாவுக்கு அழுகை வரும், பிறகு சரியாகும்.” சிறு பிள்ளைக்கு இவ்வளவு போதும். அழுவதற்கு யார் காரணம் என்று தெரியாதபோதுதான் பிள்ளை பயப்படுகிறது, சில வேளை தன் மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிறது. கேட்ட கேள்விக்கு உண்மையாகவும் சுருக்கமாகவும் பதில் சொல்லுங்கள். கேட்காததை அவிழ்த்துக் கொட்டவேண்டாம். வளர வளர அது மேலும் கேட்கும்.

மூன்றாவது, பிள்ளையோடு மட்டும் நிற்பதற்கு ஒரு பெரியவர் கூட வரட்டும். கடலில் பிள்ளையின் கையை விடவேண்டாம். பாழடைந்த கிணறுகள் பற்றைக்குள் மறைந்திருக்கும். கண்ணிவெடி அபாயப் பலகை உள்ள இடத்துக்கும், ஆட்கள் நடமாடாத பற்றைக்குள்ளும் காலடி வைக்கவே கூடாது. போகுமுன் அந்தப் பகுதிக் கிராம சேவையாளரிடம் விசாரியுங்கள். வலிகாமம் வடக்கில் இன்னும் விடுவிக்கப்படாத காணிகள் இருக்கின்றன.

நான்காவது, காணியை விற்பதா வைத்திருப்பதா என்ற முடிவைப் பயணம் போன அன்று எடுக்கவேண்டாம். யார் கேட்டாலும் பிறகு சொல்கிறேன் என்று சொல்லுங்கள். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். எங்கள் தம்பிமாருக்கு விற்கும் எண்ணம் இருந்தது. அம்மா திரும்பி வந்து இரண்டு கிழமை கழித்துத்தான் பதில் சொன்னார்: “கிணற்றை இறைச்சுத் துப்புரவாக்குங்கோ. பிறகு பாப்பம்.” கிணறு இறைத்தாகிவிட்டது. காணி இன்றும் அம்மாவின் பெயரிலேயே இருக்கிறது.

ஐந்தாவது, இழப்பு நேர்ந்த கரைக்கே முதலில் போகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. சொந்தக் கரைக்குப் போக வழியில்லாதவர்கள் கிட்டவுள்ள எந்தக் கடலுக்கும் பிள்ளையைக் கூட்டிப் போகலாம். உங்களுக்குத் தெரிந்த காற்றின் பெயரையும் மீனின் பெயரையும் அங்கே நின்றும் சொல்லிக் கொடுக்கலாம். போய்வந்த பின் நித்திரையின்மை, கெட்ட கனவு, சாப்பாட்டில் விருப்பமின்மை என்பன இரண்டு மூன்று கிழமைக்கு மேல் நீடித்தால் அதை மறைக்கவேண்டாம். அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது தேசிய உளநல உதவி இலக்கமான 1926உடன் கதையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எம்மிடம் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு நகையும் வீடும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் இந்தக் கரைகளில் எப்படி வாழ்ந்தோம் என்பது எம்மிடம் இருக்கிறது. எப்படிச் செத்தோம் என்பதை உலகம் கொஞ்சமாவது எழுதிவைத்திருக்கிறது. எப்படி வாழ்ந்தோம் என்பதை நாங்கள் சொன்னால்தான் உண்டு. உங்கள் அம்மாவோ அம்மம்மாவோ உயிரோடு இருக்கும்போதே பிள்ளையை அவர்கள் பக்கத்தில் இருத்தி, ஊரைப் பற்றி ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.