அழித்தால் போதாது

2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் புதிய கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். அதன் மஞ்சள் விளக்கு அணையாமல் எரிகிறதா? சாதாரண பிரேக் பிடிக்கும். ஆனால் மழையில் அழுத்தி மிதித்தால் சக்கரம் சுழலாமல் நின்று வண்டி வழுக்கலாம். கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால், ஓட்டாதீர்கள்.

கோளாறைக் காட்டுவது ஸ்கேனர். மலிவான கருவிகள் பல இன்ஜின் கோளாறை மட்டுமே படிக்கும், ஏ.பி.எஸ். குறியீட்டையும் படிக்குமா என்று விசாரித்து வாங்குங்கள். சி0035 என்றால் இடது முன்சக்கர வேக சென்சார் சர்க்யூட்டில் பிரச்னை. சென்சார்தான் கெட்டது என்று அர்த்தமல்ல. சேறு, அறுந்த ஒயர், ஆடும் பேரிங் எல்லாவற்றையும் பார்த்த பிறகே சென்சாரை மாற்றச் சம்மதியுங்கள்.

பழுதை நீக்கிய பின் குறியீட்டை அழித்து, ஓட்டிப் பாருங்கள். பழுதை விட்டுவிட்டுக் குறியீட்டை மட்டும் அழித்துத் தரும் மெக்கானிக்குக் காசு கொடுக்காதீர்கள்.