பூங்காவைக் காக்க நல்லெண்ணம் மட்டும் போதுமா?

பெங்களூருவில் பூங்காக்களையும் ஏரிக்கரைகளையும் குடியிருப்போர் அமைப்புகள் அரசுடன் சேர்ந்து பராமரிப்பதைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு குரல்களே எழுகின்றன. 'மக்களே முன்வந்துவிட்டார்கள்' என்ற பெருமிதம் ஒன்று. 'நடுத்தர வர்க்கத்தின் அழகுபடுத்தும் ஆசை' என்ற ஏளனம் மற்றொன்று. நகர்ப்புறப் பொதுவளங்களைக் குறித்து ஆய்வு செய்துவரும் எனக்கு இரண்டுமே போதாதவையாகத் தோன்றுகின்றன. இந்த உறவு எந்தச் சட்ட அடிப்படையில் நிற்கிறது என்பதை இரு தரப்பும் கேட்பதில்லை.

ஜே.பி. நகரின் புட்டேனஹள்ளி ஏரியை எடுத்துக்கொள்வோம். அக்கம்பக்கத்தில் வசித்தவர்கள் ஓர் அறக்கட்டளை அமைத்து, 2011இல் மாநகராட்சியுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஏரியைப் பராமரிக்க இந்நகரின் குடிமக்கள் குழு ஒன்று இவ்வாறு ஒப்பந்தம் பெற்றது அதுவே முதன்முறை. நிலம் அரசுடையது, பராமரிப்பு அறக்கட்டளையுடையது என்பது ஏற்பாடு. பின்னர் ஜக்கூர் உள்ளிட்ட வேறு ஏரிகளிலும் குடிமக்கள் குழுக்கள் உருவாயின.

சர்ஜாபூர் சாலையை ஒட்டிய கைகொண்டரஹள்ளி ஏரியின் கதை இன்னும் செறிவானது. கழிவுநீரும் குப்பையும் சேர்ந்திருந்த அந்த ஏரியை மாநகராட்சி சீரமைக்கத் தொடங்கியபோது, சுற்றுவட்டார மக்கள் திட்ட வரைவு நிலையிலேயே உள்ளே வந்தார்கள். விளைவு கண்கூடு. நடைபாதை போட்டதோடு வேலை முடிந்துவிடவில்லை. சிலைகளைக் கரைக்கத் தனிக் குளம் அமைந்தது, அருகிலுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஏரி திறந்திருந்தது, தீவனப்புல் அறுப்பவர்களும் மீன் பிடிப்பவர்களும் வெளியேற்றப்படவில்லை. நடைப்பயிற்சிக்காரரின் கண்ணுக்குப் புல் அறுப்பவர் இடையூறாகத் தெரியலாம். ஆனால் ஏரி முதலில் யாருக்குப் பயன்பட்டது என்று கேட்டால் வரிசை தலைகீழாகும். அங்கே ஈடுபாடு கொண்டவர்களுள் சூழலியல் அறிஞர் ஹரிணி நாகேந்திராவும் ஒருவர். அவரும் எலினார் ஆஸ்ட்ரமும் இணைந்து 2014இல் வெளியிட்ட பெங்களூரு ஏரிகள் பற்றிய ஆய்வுக் கட்டுரையை இத்துறை மாணவர்கள் அவசியம் படிக்கவேண்டும்.

ஆஸ்ட்ரம் 1996லேயே 'கூட்டு உற்பத்தி' என்ற கருத்தை விரிவாக விளக்கியிருந்தார். பொதுச்சேவையை அரசு மட்டுமே உருவாக்கி மக்கள் கையில் தருவதில்லை. பயன்பெறுவோரின் உழைப்பும் அறிவும் அதில் கலந்தே இருக்கின்றன என்பது அதன் சாரம். நம்மவர்கள் இதன் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இரு தரப்பும் ஒன்றையொன்று நம்பத்தக்க வகையில் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வேண்டும் என்ற அவருடைய நிபந்தனை எளிதில் மறக்கப்படுகிறது.

மறந்ததன் விலை 2020இல் தெரிந்தது. ஏரிகளின் பொருட்டு மாநகராட்சி தனியார் நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்வதைக் கர்நாடக உயர்நீதிமன்றம் தடுத்தது. அந்த எச்சரிக்கைக்கு வரலாறு உண்டு. ஹெப்பாள், நாகவாரா முதலிய ஏரிகள் தனியாருக்குக் குத்தகைக்கு விடப்பட்டதும், அதை எதிர்த்து 2008இல் பொதுநல வழக்குத் தொடுக்கப்பட்டதும், 2012இல் தீர்ப்பு வந்ததும் இங்கே பலருக்கு நினைவிருக்கும். எனவே நீதிமன்றத்தைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆணைக்குப் பின் மாநகராட்சி குடிமக்கள் குழுக்களின் ஒப்பந்தங்களையும் புதுப்பிக்கத் தயங்கியது. ஏரியைக் குத்தகைக்கு எடுக்கும் விடுதி நிறுவனமும், ஞாயிற்றுக்கிழமை காலையில் களை பிடுங்கும் ஓய்வுபெற்ற ஆசிரியையும் கோப்பில் 'தனியார்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டார்கள்! ஆண்டுக்கணக்கான உழைப்புக்குச் சட்டத்தில் தனிப்பெயர் இல்லாததால் நேர்ந்தது இது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'அரசு' என்று நாம் சொல்வது நடைமுறையில் யாரை? மாமன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. ஐந்தாண்டுகள் கடந்தும் தேர்தல் நடக்கவில்லை. 2025 செப்டம்பரில் அந்த மாநகராட்சியே ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. இந்த இடைவெளி முழுவதும் தன்னார்வலர்கள் பேசியது அதிகாரிகளிடம் மட்டுமே. அதிகாரி மாற்றலாகிப் போனால் வாக்குறுதியும் அவரோடு போகும். பழைய ஒப்பந்தங்களில் கையெழுத்திட்ட அமைப்போ இப்போது இல்லவே இல்லை.

நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை எடுத்துக்காட்டுவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அங்கே பராமரிப்பு அமைப்பு தோன்றியது 1980இல். நகர நிர்வாகத்துடன் முறையான ஒப்பந்தம் ஏற்பட்டது 1998இல். பதினெட்டு ஆண்டுகள்! அங்கும் நன்கொடை செல்வர் வாழும் பகுதிகளின் பூங்காக்களையே நாடுகிறது என்ற விமரிசனம் ஓய்ந்தபாடில்லை. இங்கும் அந்த ஆபத்து இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகள் சூழ்ந்த ஏரிக்கு அறக்கட்டளை கிடைக்கும். கூலித்தொழிலாளர் வாழும் தெருவின் சிறு பூங்காவுக்கு யார் கிடைப்பார்?

அதனால்தான் பெருக்குவதும் களை எடுப்பதும் தன்னார்வலரின் முதன்மைப் பணியாக இருக்கக்கூடாது என்கிறேன். அது ஊதியத்துக்குரிய வேலை. அதை இலவசமாகச் செய்து காட்டினால் முதலில் வெட்டுப்படுவது ஒப்பந்தத் தோட்டப் பணியாளரின் கூலிதான். தன்னார்வலர் செய்யவேண்டியது கண்காணிப்பு: நீரின் தரத்தை அளப்பது, ஒப்பந்ததாரரின் கணக்கைக் கேட்பது, வேலி எங்கே நகர்கிறது என்று பார்ப்பது. பூங்காக்களையும் திறந்தவெளிகளையும் பாதுகாக்கக் கர்நாடகத்தில் 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. பேணும் கடமையை உள்ளாட்சியிடமே விட்டு, கேள்வி கேட்கும் உரிமையை மக்கள் குழுவுக்கு எழுத்தில் தரும் ஒரு திருத்தம் போதும். அந்தக் குழுவில் நடைப்பயிற்சிக்காரர்களோடு புல் அறுப்பவரும், மீன் பிடிப்பவரும், தோட்டப் பணியாளரும் இடம்பெறவேண்டும். ஐந்து புதிய மாநகராட்சிகளும் தத்தம் விதிகளை வகுத்துக்கொள்ளும் இக்காலத்தில் இதைக் கேட்டு மனு கொடுக்க ஆய்வு மாணவர்களாகிய நமக்கு நேரம் இருக்கிறது, தரவும் இருக்கிறது.