சொட்டு மருந்துதானே என்னும் அலட்சியம்

“கண்ணில் விடுவது கண்ணோடு போகும், உடம்பை ஒன்றும் செய்யாது.” படித்தவர்களும் இதை நம்புகிறார்கள். அதனால்தான் கண் மருத்துவரிடம் ஆஸ்துமாவைச் சொல்வதில்லை. பொது மருத்துவரிடம் மாத்திரைகளை வரிசையாகச் சொல்பவர்கள் சொட்டு மருந்தை விட்டுவிடுகிறார்கள். கண் அழுத்த நோயான க்ளாக்கோமா உள்ளவர்களுக்கு இந்த நம்பிக்கை ஆபத்தானது.

ஒரு சொட்டு சுமார் 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கண்ணில் இயல்பாக நிற்கும் கண்ணீரோ ஏறக்குறைய 7 மைக்ரோலிட்டர்தான். மிஞ்சும் மருந்தில் ஒரு பகுதி கண்ணீர்க் குழாய் வழியே மூக்கில் இறங்கி, அங்குள்ள சவ்வு மூலம் நேரே ரத்தத்தில் கலக்கிறது. விழுங்கும் மாத்திரையைக் கல்லீரல் முதலில் ஓரளவு சிதைத்துவிடும். சொட்டு மருந்துக்கு அந்தத் தடையும் கிடையாது.

க்ளாக்கோமா சொட்டு மருந்துகளில், அமெரிக்காவில் 1978இல் அனுமதி பெற்ற டிமோலால் மலிவானது. கண்ணுக்குள் நீர் சுரப்பதைக் குறைத்து அழுத்தத்தை 20 முதல் 25 சதவீதம் இறக்கும். அதே மருந்து மூச்சுக்குழாயைச் சுருக்கும், நாடியை மந்தமாக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு அதைத் தரவே கூடாது. 1996இல் வந்த லட்டானோபிராஸ்ட், நீர் வெளியேறும் வழியைப் பெருக்கி 25 முதல் 33 சதவீதம் குறைக்கும். ரத்தத்தில் விரைவாகச் சிதைவதால் அதன் தொல்லைகள் பெரும்பாலும் கண்ணோடு நிற்கும்: சிவப்பு, நீளும் இமைமுடி, கருக்கும் விழி. பிரிமோனிடின் என்னும் இன்னொரு சொட்டு மருந்து பெரியவர்களுக்குத் தூக்கக் கலக்கம் தரும். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மூச்சையே அடக்கிவிடக்கூடும். ஆகவே, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொண்ட மருந்தைக் கடையில் கேட்டு வாங்குவது உயிரோடு விளையாடுவது.

“அப்படியானால் நிறுத்திவிடலாமே” என்பது இதைவிடப் பெரிய தவறு. பிரிட்டனில் 516 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், இரண்டாண்டில் பார்வைப் பரப்பு மோசமானவர்கள், மருந்தற்ற சொட்டு விட்டவர்களில் சுமார் 26 சதவீதம். லட்டானோபிராஸ்ட் விட்டவர்களில் 15 சதவீதம். இந்த நோயில் போன பார்வை திரும்பாது.

பார்வையைக் காக்கும் வலு உள்ள மருந்துக்கு உடம்பைத் தாக்கும் வலுவும் உண்டு. எனவே வீசிங், இதய நோய், சர்க்கரை, பிரஷர் மாத்திரை எதுவானாலும் கேட்காமலே சொல்லுங்கள். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரக் கண்முனையை இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள்; ரத்தத்தில் சேர்வது குறையும். மருத்துவர்களுக்கும் ஒன்று: “இளைப்பு உண்டா?” என்று கேட்காமல் டிமோலால் எழுதாதீர்கள். அந்தக் கேள்விக்கு அரை நிமிடம்கூட ஆகாது.