நோயாளிக்கு மட்டும் தெரியக்கூடாதாம்!

கண்டியிலே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறவரும் தமிழ்க் குடும்பங்களிடையே எழுதாத சட்டமொன்று நிலவுகிறது. நோயாளி வைத்தியரின் அறைக்குள் போவதற்கு முன்னரே மகனோ மருமகனோ உள்ளே நுழைந்துவிடுவார். "டொக்டர், அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். வயிற்றில் புண் என்றே சொல்லி வையுங்கள்." அயல் வீட்டாருக்குத் தெரியும், கோயில் ஐயருக்குத் தெரியும், கனடாவிலிருக்கும் ஒன்றுவிட்ட தம்பிக்கும் தெரியும். சாகப்போகிறவருக்கு மட்டும் தெரியாது. இதற்கு நாம் சூட்டியிருக்கும் பெயர் பாசம்.

அவர் கண்மூடியதும் காட்சி மாறும். முப்பத்தோராம் நாளுக்கு நினைவுமலர் ஒன்று அச்சாகும். பத்திரிகைக்காரன் என்பதால், இத்தகைய மலர்களுக்கு அச்சுப்பிழை திருத்தும் வேலை அடிக்கடி என் தலையில் விழும். எல்லாவற்றிலும் ஒரே புலம்பல்: "சொல்லாமல் போய்விட்டீர்களே!" அவர் எப்படிச் சொல்வார்? போகிறேன் என்பதையே அவருக்கு நீங்கள் சொல்லவில்லையே!

விபுலாநந்த அடிகளை நினைத்துப் பாருங்கள். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர் அவர். அப்பல்கலைக்கழகம் பின்னர், 1952இல், பேராதனைக்கு வந்தது. பல்லாண்டு ஆராய்ச்சியின் பயனான 'யாழ்நூல்' நிறைவடையும் காலத்தில் அவர் கடுமையாக நோயுற்றிருந்தார். ஆயினும் கடல்கடந்து போனார். 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் நூல் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. அவர் கணித்துரைத்தபடி அமைக்கப்பெற்ற யாழ்கள் அவையில் ஒலித்தன. ஜூலை 19ஆம் திகதி அவர் மறைந்தார். இடைவெளி ஏறக்குறைய ஆறு வாரங்கள். "உங்களுக்கு ஒன்றுமில்லை சுவாமி, சுகமான பிறகு பார்க்கலாம்" என்று யாரேனும் அவரைப் படுக்கையிற் கிடத்தியிருந்தால் நமக்கு எஞ்சியிருப்பது கைப்பிரதிக் கட்டு மட்டுமே.

அமெரிக்கப் பேராசிரியர் ராண்டி பாஷ் கணையப் புற்றுநோயோடு 2007 செப்டெம்பரில் தம் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய விடைபெறும் உரையை உலகமே கேட்டது. 2008 ஜூலையில் அவர் மறைந்தார். அவர் செய்ததெல்லாம், தமக்கு எஞ்சியிருந்த காலத்தின் அளவைத் தெரிந்துகொண்டு அதற்கேற்பப் பேசியதுதான்.

"உண்மையைச் சொன்னால் மனமுடைந்து முன்னதாகவே போய்விடுவார்" என்பார்கள். உடைபவர்கள் உண்டு, மறுக்கவில்லை. அறிய விரும்பாதவர்களும் உண்டு. அது அவர்களுடைய உரிமை. ஆனால் அந்த விருப்பத்தை அவரிடமே கேட்டறிந்தீர்களா? "அப்பா, பரிசோதனை முடிவை டொக்டர் உங்களிடம் சொல்லட்டுமா, எங்களிடம் சொல்லட்டுமா?" இந்த ஒரு கேள்விக்கு எவ்வளவு நேரம் செல்லும்? மேலும், தன் உடம்பு நாளுக்கு நாள் கரைவதை எந்த நோயாளியும் அறிவார். வீடு முழுவதும் நடிக்கிறது என்பதையும் அறிந்து, அவரும் சேர்ந்து நடிக்கிறார். கடைசி மாதங்கள் இந்த நாடகத்திலேயே கழிகின்றன.

தோட்டத்திலிருந்து கண்டிக்குப் பஸ் ஏறி வரும் கொழுந்து பறிக்கும் தாயின் நிலைமை இன்னும் மோசம். 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கிற்று. ஆனால் வைத்தியருக்குத் தமிழ் வராதவிடத்து, கூட வந்த உறவினரே மொழிபெயர்ப்பாளர். அவரே தணிக்கை அதிகாரியும்! அந்தத் தாய் விட்டுச்செல்லும் சொத்து யாழ்நூல் அன்று. ஊழியர் சேமலாப நிதியில் சேர்ந்திருக்கும் சில இலட்சங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர், தோட்டப் பேரேட்டில் மூன்றாவது பெயர். பின்னுரித்தாளராக எழுதியிருக்கும் கணவரோ இறந்து பல்லாண்டு. உயிரோடிருக்கையில் அவர் ஒப்பமிட்டுத் திருத்தக்கூடிய தாள்கள் இவை. அவர் போனபின், பேத்தி வேலைநாட்களை இழந்து, சத்தியக் கடதாசிகளோடு அலுவலகம் அலுவலகமாக அலைகிறாள். அம்மாயிக்கு வயிற்றிற் புண் என்றுதான் அவளுக்கும் சொல்லியிருந்தார்கள்.