கண்ணளவும் சுமையளவும்

தேர்ந்த ஓட்டுநருக்கு எடைக்கருவி எதற்கு, அவர் கண்ணே தராசு என்னும் அபிப்பிராயம் நம் லாரித் தொழிலில் வேரூன்றி நெடுங்காலமாகிறது. வாஞ்சூர்த் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றும் வண்டிகளைப் பார்த்துப் பழகிய காரைக்காலில், தலத்தெருத் தேநீர்க்கடை ஒன்றில் இந்தப் பேச்சை எடுத்தால், டயர் எவ்வளவு பிதுங்குகிறது, ஸ்பிரிங் பட்டை எவ்வளவு நிமிர்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் அரை டன் பிசகாமல் சொல்லிவிடலாம் என்று மார்தட்டுபவர் ஒருவராவது இருப்பார். அதற்குத் தலையசைப்பவர் பலர் இருப்பார்கள். டிரெய்லரிலேயே எடை காட்டும் கருவியைப் பொருத்துவது வீண் செலவு, அதிகாரியின் கையில் நாமே ஆதாரத்தைக் கொடுக்கும் வேலை, முதலாளி வைக்கும் வேவு என்றும் அடுக்கிக்கொண்டு போவார்கள். அந்த ஓட்டுநர்களின் சாமர்த்தியத்தில் எனக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. ஆயினும் இந்த நம்பிக்கை பிழையானது, அபாயகரமானது, அதனால் முதலில் நஷ்டப்படுகிறவர் அந்த ஓட்டுநரே என்பது என் திடமான கருத்து.

டயரின் பிதுக்கத்தை எடுத்துக்கொள்வோம். அது சுமையைப் போலவே உள்ளே அடைத்த காற்றையும் பொறுத்தது. காற்றுக் குறைந்த டயர் பாதிச் சுமையிலேயே பிதுங்கும், காற்றை மிகுதியாக அடைத்த டயரோ சுமை மிஞ்சிய பின்னும் விறைப்பாக நின்று ஏமாற்றும். புதுப் பட்டையும் பல வருஷம் உழைத்துத் தளர்ந்த பட்டையும் ஒரே சுமைக்கு ஒரே அளவு தாழ்வதில்லை. அன்றியும், துணைப் பட்டை சுமை தாங்கத் தொடங்கியதும் அதற்குப் பின் ஏறும் ஒவ்வொரு டன்னுக்கும் தாழ்வு குறைந்துபோவதால், எந்தக் கட்டத்தில் கண்ணுக்கு அதிக நுட்பம் வேண்டுமோ அந்தக் கட்டத்தில்தான் கண்ணுக்குக் கிடைக்கும் சாட்சியம் சுருங்குகிறது. காற்றுப்பை வைத்த டிரெய்லரில் அந்தச் சாட்சியமும் இல்லை. சுமை ஏற ஏற, உயரத்தைச் சமன்படுத்தும் வால்வு பைக்குள் காற்றை விட்டுச் சட்டத்தைப் பழைய உயரத்திலேயே நிறுத்திவிடும். வெறும் வண்டியும் நிறை வண்டியும் பார்வைக்கு ஒன்றாகவே நிற்கும். சரி, சரக்கின் குவியலைப் பார்த்துக் கணிக்கலாம் என்றால், ஐப்பசி கார்த்திகை மழை அதற்கு இடம் கொடுப்பதில்லை. திறந்த வெளியில் குவிந்து கிடக்கும் நிலக்கரி நனைந்து, அதே தொட்டியில் அதே உயரத்துக்கு நிரம்பியிருக்கையிலும் கனத்துவிடுகிறது. உலர்ந்த மணல் கன மீட்டருக்கு ஏறக்குறைய 1.6 டன் என்றால், நீர் கோத்த மணல் 2 டன்னை நெருங்கும்.

கருவியிலோ மாயம் ஒன்றுமில்லை. காற்றுப்பை வண்டியானால், பைக்குச் செல்லும் குழாயில் ஒரு கிளை வைத்து, அழுத்தத்தை அளக்கும் உணரியை அதில் பொருத்துகிறார்கள். அச்சின்மேல் விழும் சுமைக்கேற்பப் பையின் அழுத்தம் ஏறியிறங்குவதால், அது எடையாகக் கணக்கிடப்பட்டுத் திரையில் தெரிகிறது. பட்டை வண்டியானால், பாரத்தால் அச்சு வளையும் நுண்ணிய வளைவை அளக்கும் உணரியை அச்சிலேயே பதிப்பார்கள், அல்லது சட்டத்துக்கும் தொட்டிக்கும் நடுவே லோடு செல்களை வைப்பார்கள். பின்னர் வெறும் வண்டியை ஒரு முறையும் நிறை வண்டியை ஒரு முறையும் எடைமேடையில் நிறுத்தி, கிடைத்த இரண்டு எண்களையும் கருவியில் பதிந்துவிட்டால் வேலை முடிந்தது. சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பிரேக்கை விடுவித்த பிறகே எண்ணைப் பார்க்க வேண்டும். பிரேக் பிடித்திருந்தால் அச்சு இறுகி நின்று கணக்கைக் குழப்பும். நம் கடற்கரையில் இன்னொரு ஜாக்கிரதையும் அவசியம். உப்புக் காற்று செம்பு ஒயரின் முனையில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். இணைப்புகளை நீர் புகாமல் அடைக்காத கருவி, அடுத்த மழைக்காலத்துக்குள் பொய் சொல்லத் தொடங்கும். ஒழுங்காகப் பராமரித்த கருவியிலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பிசகு உண்டு என்பது வாஸ்தவமே. ஆனால் அதன் எல்லை நமக்குத் தெரியும், எடைமேடையில் வைத்துத் திருத்தவும் முடியும்.

எடைமேடைச் சீட்டே போதாதா என்று கேட்பவர்கள் இரண்டு விஷயங்களை மறக்கிறார்கள். சீட்டு கிடைப்பது சுமை ஏறி முடிந்த பிறகு. அப்போது மிகுதியை இறக்க ஆளும் இராது, இடமும் இராது, மனமும் இராது. இரண்டாவது, அந்தச் சீட்டு பெரும்பாலும் மொத்த எடையை மட்டுமே சொல்லும். மொத்தம் வரம்புக்குள் இருக்கும்போதே சரக்கு முன்பக்கம் ஒதுங்கி, 11.5 டன் தாங்க வேண்டிய ஓர் அச்சின்மேல் 13.8 டன் உட்கார்ந்திருக்கலாம். அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்தின் ஒட்டாவா நகருக்கருகே 1958 முதல் 1960 வரை, பாதைகளைப் போட்டு அவற்றின்மேல் லாரிகளை ஓயாமல் ஓட்டி நடத்திய சோதனையிலிருந்து பொறியாளர்கள் கண்ட உண்மை, அச்சுச் சுமை கூடும்போது சாலைக்கு நேரும் சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் படியில் பெருகுகிறது என்பது. ஐந்தில் ஒரு பங்கு மிகுந்தால் சேதம் இரட்டிப்பாகும். பாதி மிகுந்தால் ஐந்து மடங்காகும். அரசலாறு கொண்டுவந்து படிய வைத்த களிமண்ணின்மேல், கோடையில் வெடித்தும் மழையில் ஊறியும் கிடக்கும் நிலத்தில் போட்ட சாலைக்கு இது எத்தகைய தண்டனை என்பதை, மார்கழியில் இந்த வழியே சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் முழங்கால்களைப் பார்த்தால் தெரியும்.

வேவு என்னும் ஆட்சேபத்துக்கு வருகிறேன், ஏனெனில் அது உழைப்பவர்களின் அச்சத்திலிருந்து பிறந்தது. அதற்கு விடை காண, முதலில் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். மிகைச் சுமைக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு வண்டியை அப்படியே விட்டுவிடும் மாநிலங்களின் வழக்கம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. 2018-இல் மத்திய அரசு அச்சுச் சுமையின் வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன் என்றிருந்தது 11.5 ஆயிற்று. மறு ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவோ, வரம்பு மீறினால் 20,000 ரூபாய், மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், அதோடு மிகுதியை இறக்கும் செலவு என்று விதிக்கிறது. எடை போட மறுத்து நிற்காமல் போனால் 40,000. காரைக்காலிலிருந்து தெற்கே புறப்பட்டால் நாகூரிலும் வடக்கே புறப்பட்டால் நண்டலாறு தாண்டியும் தமிழ்நாட்டு எல்லை வந்துவிடுவதால், ஒரே நடையில் இரண்டு அரசுகளின் அதிகாரிகளுக்கு நம் ஓட்டுநர் பதில் சொல்ல நேரிடுகிறது. அந்த வேளையில் அவர் கையில் இருப்பது என்ன? ஏற்றியவர் சொன்ன வாய்வார்த்தை. அதைப் பிறகு ஏற்றியவரே மறுத்துவிடலாம். கருவியின் பதிவு இருந்தால், எந்த நேரத்தில் எந்த இடத்தில் யார் மிகையாக ஏற்றினார்கள் என்பது மறைக்க முடியாத சாட்சியமாகிறது. சட்டமும் ஓட்டியவரை மட்டும் சொல்லாமல், ஓட்டச் செய்தவரையும் ஓட்ட அனுமதித்தவரையும் சேர்த்தே சொல்லுகிறது. நகைக்கடையில் ஒரு குன்றிமணிப் பொன்னுக்குக் கண்ணளவை ஒப்பாத நாம், ஐம்பது டன்னுக்கு மட்டும் ஏன் அதை ஒப்ப வேண்டும்? ஐரோப்பிய ஒன்றியம் 2015-இலேயே, 2021 மே மாதத்துக்குள் சாலையில் பதித்த எடைக்கருவியாலோ வண்டியில் பொருத்திய கருவியாலோ மிகைச் சுமையைக் கண்டுபிடிக்கும் ஏற்பாட்டைச் செய்யும்படி உறுப்பு நாடுகளுக்குக் கட்டளையிட்டது.

செலவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதை ஓட்டுநரின் பேட்டாவில் பிடிக்கும் எண்ணத்தோடு எவரும் இந்த யோசனையை ஆதரிக்க வேண்டாம். மிகைச் சுமையால் லாபம் பெறுபவர்கள் சரக்கை அனுப்புவோரும் வண்டிச் சொந்தக்காரர்களும். விலையையும் அவர்களே ஏற்பதுதான் நியாயம். எடை எண் ஓட்டுநர் இருக்கைக்கு முன்னும், சரக்கை அள்ளிப் போடும் இயந்திரத்தை இயக்குபவர் பார்க்கும்படி வண்டியின் வெளிப்புறத்திலும் தெரிய வேண்டும். அது வரம்பைத் தொட்டதும் போதுமென்று கை காட்டும் அதிகாரம் ஓட்டுநருக்கு இருக்க வேண்டும். அப்படிக் கை காட்டியதற்காக அவருடைய அடுத்த நடையைப் பறிக்கக் கூடாது என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.